ஆர் 31.0: கண்ணுக்குத் தெரிந்த ரத்தம்

சென்னையில் ராத்திரி ஷிப்டில் உட்கார்ந்து அமெரிக்க நோயாளிகளின் குறிப்புகளுக்கு எண் போடுகிற வேலையைச் சில வருஷம் பார்த்தேன். ஃபூக்கோ சொன்ன 'மருத்துவப் பார்வை'க்கு எதிரே ஒரு படுக்கையாவது கிடந்தது. எங்கள் பார்வைக்கு முன்னால் கோப்பு மட்டும்தான். மூத்திரத்தில் ரத்தம் கண்ணுக்குத் தெரிந்தால் ஆர் 31.0. மைக்ரோஸ்கோப்பில் மட்டும் தெரிந்தால் 31.1, 31.2 என்று போகும்.

இந்த வகைப்பாட்டின் வேர் சாவுக் கணக்கு. 1893இல் ழாக் பெர்த்தியோன் சிகாகோவில் முன்வைத்தது மரண காரணங்களின் பட்டியல். ரத்தமாய் மூத்திரம் போகிறவன் இன்னும் சாகவில்லையே, அவனுக்கு அதில் என்ன வேலை? 1948இல், உலக சுகாதார நிறுவனம் பொறுப்பேற்ற ஆறாவது திருத்தத்தில்தான் உயிரோடிருப்பவர்களின் நோய்கள் உள்ளே வந்தன. அந்நிறுவனத்தின் பத்தாவது திருத்தத்திலும் ஆர் 31 பிரிபடாத ஒற்றை எண்தான். தெரிந்த ரத்தம், தெரியாத ரத்தம் என்று வகுந்தது அமெரிக்கப் பதிப்பு. 2008 அக்டோபரில், அன்றைய 599.7ஐ உடைத்து அதைச் செய்தார்கள். 2015இல் பத்தாவது திருத்தத்துக்கு மாறியபோது பிரிவும் கூடவே வந்தது. நியாயமான பிரிவுதான். வலியில்லாமல் சிவப்பாய்ப் போனால் மூத்திரப்பையில் புற்று இருக்கும் வாய்ப்பு கூடுதல்.

என்னை உறுத்துவது வேறு. 1895இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் லுட்விக் ரேன் என்ற அறுவை மருத்துவர், மஜந்தா சாயம் தயாரித்த தொழிலாளிகளின் மூத்திரப்பையில் கட்டிகள் வருவதைக் கண்டு சொன்னார். நோயாளியின் உடம்பைத் தொழிற்சாலையோடு சேர்த்து வாசித்தார் அவர். பிரிட்டனில் இது இழப்பீட்டுக்குரிய தொழில்நோயாக ஏற்கப்பட 1953 ஆயிற்று. ஐம்பத்தெட்டு வருஷம்!

இன்றைய அமெரிக்க அட்டவணையில் அந்தச் சரித்திரத்துக்கும் ஒரு மூலை ஒதுக்கியிருக்கிறார்கள்: இசட் 77.020, அரோமாட்டிக் அமைன்களோடு தொடர்பு. நான் அதை ஒரு தடவைகூடப் போட்டதில்லை. டாக்டர் எழுதாததை நாங்கள் எழுதக் கூடாது. புற்றாக இருக்கலாம் என்று அவர் எழுதினாலும், வெளிநோயாளிக் கோப்பில் சந்தேகத்துக்கு எண் கிடையாது, அறிகுறியே நிற்கும். புற்று உறுதியானால் சி 67 வந்து முன்னால் உட்காரும். சாயம் எந்தக் கட்டத்திலும் வராது. எத்தனை சிகரெட் என்று தவறாமல் கேட்டிருப்பார்கள் (சிகரெட்டும் பெரிய காரணம்தான், மறுக்கவில்லை). பார்த்த வேலை என்ன என்ற இடத்தில் 'ரிட்டயர்டு' என்று ஒரே வார்த்தை.

2016 வாக்கில் ஒரு கோப்பில், நர்ஸ் எழுதின மூலையில், சாயத் தொழிற்சாலையில் முப்பது வருஷம் என்று ஒரு வரி கிடந்தது. மேற்பார்வையாளரிடம் காட்டினேன்.

"டாக்டர் எழுதலையே. அதுக்குப் பணமும் வராது. விடுங்க சார்."

ஆர் 31.0 மட்டும் போட்டு அனுப்பினேன். விடிவதற்குள் முடிக்க இன்னும் நிறையக் கோப்புகள் பாக்கி இருந்தன.