பழைய சங்கிலி ரம்பம் ஒன்றின் வரலாறு



நான்காம் ஆண்டு மாணவர்களிடம் வரலாற்றுச் சான்று என்றால் என்ன என்று கேட்டால் கல்வெட்டு, நாணயம், கோட்டை என்று விடை வரும். பாடநூல் அவ்வாறே சொல்கிறது, தவறில்லை. ஆனால், நம் பாட்டன்மார் கல்வெட்டு வெட்டி வைத்தவர்கள் அல்லர். அவர்கள் விட்டுச் சென்றவை பால்வாளியும் உளியும் மண்வெட்டியும்தாம். அந்த வரிசையில் சங்கிலி ரம்பத்தையும் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. பழைய இரும்புக் கடையொன்றில் 250 வெள்ளி கொடுத்து அப்படியொரு ரம்பத்தை வாங்கி, சில மாதங்களாகப் பள்ளி விடுமுறைகளில் பழுதுபார்த்து வருகிறேன். அதன் வழியாகத் தெரிந்துகொண்டவற்றையே இங்கு எழுதுகிறேன்.

இக்கருவி முதலில் மரம் அறுக்கப் பிறந்ததன்று என்பது பலருக்கு வியப்பளிக்கும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜோன் அய்ட்கன், ஜேம்ஸ் ஜெஃப்ரே என்ற ஸ்காட்லாந்து மருத்துவர்கள் இருவர், சிக்கலான மகப்பேற்றின்போது இடுப்பெலும்பின் இணைப்பை விரிக்கவும், நோயுற்ற எலும்பை அறுத்தெடுக்கவும் பல் வைத்த மெல்லிய சங்கிலி ஒன்றைப் பயன்படுத்தினர். இரு முனையிலும் கைப்பிடி. இப்புறமும் அப்புறமும் மாறி மாறி இழுக்க வேண்டும். மயக்க மருந்து இல்லாத காலம் அது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

மரத்துக்கு வந்தது 20ஆம் நூற்றாண்டில். ஜெர்மனியில் அன்ட்ரியாஸ் ஸ்டில் 1926இல் மின்சாரத்தால் இயங்கும் ரம்பத்தை உருவாக்கினார். அதன் எடை 64 கிலோகிராம். இருவர் தூக்க வேண்டும். 1927இல் எமில் லெர்ப் என்பவர் துரிங்கியாவின் டோல்மார் மலையில் பெட்ரோல் ரம்பம் ஒன்றை இயக்கிக் காட்டினார். 1950இல் ஒருவரே தூக்கக்கூடிய பெட்ரோல் ரம்பத்தை ஸ்டில் நிறுவனம் வெளியிட்டபோது எடை 16 கிலோகிராமாகக் குறைந்திருந்தது. 1959இல் வந்த ‘கொன்ட்ரா’ 12 கிலோகிராம்தான். ஆற்றலோ ஆறு குதிரைத்திறன்.

எந்திரம் இளைத்த கதை இது. சங்கிலியின் கதை இன்னும் சுவையானது. தொடக்கக்காலச் சங்கிலியின் பற்கள் கைரம்பத்தின் பற்களைப் போலவே மரத்தைச் சுரண்டின; தூள் அடைத்துக்கொள்ளும், அடிக்கடி அரம் போட வேண்டும். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி, 1946இல் ஓர் அடிமரத்தில் வண்டின் புழு ஒன்று மரத்தைத் தின்பதைக் கூர்ந்து கவனித்தார். அப்புழுவின் வளைந்த தாடைகள் இடமும் வலமுமாக மாறி மாறிச் செதுக்கின. அந்த அமைப்பையே எஃகில் வடித்து, மறு ஆண்டே சங்கிலி தயாரிக்கத் தொடங்கினார். இன்று நாம் காணும் சங்கிலிகளில் பெரும்பாலானவை அந்தப் புழுவின் வழித்தோன்றல்களே. அறிவியல் பாடத்தில் உற்றறிதல் என்னும் திறனை விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

நம் நாட்டுத் தோட்டங்களில் இக்கருவிக்கு வேலை கொடுத்தது மறுநடவு. ரப்பர் மரம் ஏறத்தாழ 25 முதல் 30 ஆண்டுகள் வரை பயன்தரும். பிறகு சாய்த்துவிட்டுப் புதுக்கன்று நட வேண்டும். (எங்கள் தோட்டத்தில் ‘மரம் வெட்டப் போகிறேன்’ என்றால் பால் எடுக்கப் போவதாகப் பொருள். மரத்தையே வீழ்த்துவது ‘மரம் சாய்ப்பது’.) கோடரியும் இருவர் இழுக்கும் ரம்பமும் செய்த வேலையைச் சங்கிலி ரம்பம் எடுத்துக்கொண்டது. சாய்ந்த மரம் நெடுங்காலம் விறகாகத்தான் போயிற்று; பூஞ்சையும் துளைப்பான் வண்டும் விரைவில் தாக்கிவிடும். போரான் உப்புகளால் பதப்படுத்தும் முறை பரவிய பிறகே, 1970களின் இறுதியிலிருந்து, ரப்பர் மரம் மேசை நாற்காலியாக மாறியது. நம் வகுப்பறை மேசைகளில் சில அப்படி வந்தவையாக இருக்கலாம்.

பின்னர்ச் சாய்க்கப்பட்ட மரங்களுக்குப் பதிலாக மீண்டும் ரப்பர் நடப்படவில்லை. செம்பனை வந்தது; வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. தொழிலாளர் குடும்பங்கள் நகர்ந்தன; தோட்டப் பள்ளிகளில் பிள்ளைகள் குறைந்தனர். 1957இல் 888 ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 530 அளவில் உள்ளன. இதற்கெல்லாம் ரம்பம் காரணமன்று. அது ஏவிய வேலையைச் செய்தது. இருப்பினும், அந்த ஓசை தோட்டத்தில் கேட்கத் தொடங்கினால் மூட்டை கட்ட வேண்டும் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டதை நான் சிறுவயதில் கேட்டிருக்கிறேன்.

இனி என் எந்திரத்துக்கு வருகிறேன். 100 கன சென்டிமீட்டருக்கும் மேற்பட்ட பெரிய உருளை கொண்டது. பல்சக்கர மூடியைக் கழற்றியபோது தூள், எண்ணெய், பிசின் மூன்றும் கலந்து கல்போல் இறுகியிருந்தன. மரக்குச்சியாலும் மண்ணெண்ணெயாலும் கரைத்தெடுக்க இரண்டு நாள் ஆயிற்று. புகைபோக்கியைக் கழற்றி, அத்துளை வழியாக பிஸ்டனைப் பார்த்தேன். நீளவாக்கில் கீறல் இருந்திருந்தால் செலவு மிகுந்திருக்கும். நல்லவேளையாக வழவழப்பாகவே இருந்தது. கார்புரேட்டரின் சவ்வு காய்ந்து விறைத்திருந்தது. எந்திரத்தைப் பக்கவாட்டில் சாய்த்தாலும் பெட்ரோல் தடையின்றிச் செல்வதற்கு அச்சவ்வே காரணம். மிதவை வைத்த பழைய கார்புரேட்டர்களில் இது நடவாது. சவ்வு, பெட்ரோல் குழாய், சுழல்தண்டின் இருபுற அடைப்பான்கள் ஆகியவற்றை மாற்றினேன். அடைப்பான் வழியாகக் காற்று புகுந்தால் எண்ணெய் கலந்த பெட்ரோலின் விகிதம் குறையும். பிஸ்டன் சூடேறி இறுகிவிடும். பழைய ரம்பங்கள் பல இதனால்தான் சாகின்றன.

இதுவரை பழுதுபார்ப்பு. அடுத்து வந்தது மாற்றியமைப்பு. எனக்கு உதவிய பட்டறைக்காரர், புகைபோக்கியின் துளையை அகலப்படுத்தினால் வேகம் கூடும் என்றார். எனக்கு அதில் உடன்பாடில்லை. வேகம் கூடுவதற்கு முன் ஓசை கூடும். அடியெடுத்து வைக்கவே அஞ்ச வேண்டிய எந்திரத்துக்கு மேலும் வேகம் எதற்கு? தீப்பொறி தரும் பழைய தொடுமுனைகள் மட்டும் அரிக்கப்பட்டிருந்ததால் அவற்றை எடுத்துவிட்டு மின்னணுப் பொறியூட்டியைப் பொருத்தினேன். பழையவற்றை ஒரு மருந்து டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். யாரேனும் பின்னாளில் மூல வடிவத்துக்குத் திரும்ப விரும்பினால் உதவும்.

உண்மையில் என்னைத் தயங்க வைத்தது வேறொன்று. முன்கைப்பிடியில் யாரோ ஒருவர் சைக்கிள் டியூப்பை நாடாவாகக் கத்தரித்து, நெருக்கமாகச் சுற்றி, முனையைக் கம்பியால் கட்டியிருந்தார். அதை அவிழ்த்தெறிந்து கைப்பிடியைப் பளபளப்பாக்கினால்தான் எந்திரம் அசலாகும் என்றார் பட்டறைக்காரர். முறைப்படி பார்த்தால் அவர் சொன்னது சரியே.

அந்த டியூப் ஏன் வந்தது? என் எந்திரத்தில் கைப்பிடி நேராக எந்திர உடலில் முடுக்கப்பட்டிருக்கிறது. உருளையின் அதிர்வு முழுவதும் உள்ளங்கைக்கே வரும். ஐரோப்பாவில் மரவெட்டிகளின் விரல்கள் குளிரில் வெளுத்து மரத்துப்போவது கண்டறியப்பட்ட பிறகு, 1960களின் இடைப்பகுதி முதல் தயாரிப்பாளர்கள் எந்திரத்துக்கும் கைப்பிடிக்கும் இடையே ரப்பர் தாங்கிகளை வைக்கத் தொடங்கினர். 1970களின் தொடக்கத்தில் சங்கிலித் தடையும் வந்தது. ரம்பத்தின் நுனி மேற்புறம் மரத்தில் பட்டு முகத்தை நோக்கி எகிறினால், முன்கையின் காப்பு தட்டப்பட்டுச் சங்கிலி நொடிக்குள் நிற்கும். என் எந்திரத்தில் இவ்விரண்டும் இல்லை. பிரிட்டனில் ‘வெள்ளை விரல்’ நோய் 1985இல் தொழில்நோயாகப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் விரல் வெளுப்பது அரிது. மரமரப்பும் பிடிவலுக் குறைவும்தான் தெரியும். கண்ணுக்குத் தெரியும் அடையாளம் இல்லாததால் முதுமை என்றே எண்ணிவிடுவார்கள்.

மறுநடவுக் குத்தகையாளரிடம் பல ஆண்டுகள் மரம் சாய்த்த என் தாய்மாமாவை அழைத்து இதைக் காட்டினேன். அவர் டியூப்பைத் தடவிப் பார்த்துவிட்டு, “இதெல்லாம் அதிர்வைத் தடுக்காதய்யா. வேர்வையில கை வழுக்காம இருக்கும், அவ்வளவுதான். நாங்களும் சுத்தினோம்,” என்றார். அவரால் இன்று சட்டைப் பொத்தானைத் தாமே போட்டுக்கொள்ள முடிவதில்லை, மாமிதான் போட்டுவிடுவார். ரம்பத்தால் வந்தது என்று எந்த மருத்துவரும் அவருக்குச் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை.

டியூப்பை அவிழ்க்கவில்லை. ஈரத்துணியால் துடைத்துவிட்டு அப்படியே விட்டுவிட்டேன்.

தடை இல்லாத ரம்பத்தால் மரம் அறுக்கும் துணிவு எனக்கில்லை. மற்றவர்க்கும் பரிந்துரைக்க மாட்டேன். சங்கிலி இல்லாமல் இரண்டொரு நிமிடம் ஓடவிட்டுப் பார்த்தேன், ஓடியது. பெட்ரோலை வடித்துவிட்டு, எங்கள் பள்ளியின் வரலாற்று மூலையில் பால்வெட்டும் உளிக்குப் பக்கத்தில் வைக்க இருக்கிறேன். பெயரட்டையும் எழுதியாயிற்று. ‘சங்கிலி ரம்பம், பொறியூட்டி பின்னர் மாற்றப்பட்டது, கைப்பிடியின் ரப்பர்ச் சுற்று இதை இயக்கிய தொழிலாளி ஒருவர் செய்தது.’