கிராங்க் ஷாஃப்டில் ஒரு பெல்ட்: புனேயின் ரெவோலோ

பிரேக் பிடித்ததும் வண்டியின் இயக்க ஆற்றல் வெப்பமாகி வீணாகிறது. அதை மின்சாரமாக மாற்றிச் சேர்த்துவைத்து, வண்டி மீண்டும் வேகமெடுக்கையில் திருப்பித் தருவது ஹைபிரிட் வடிவமைப்பின் அடிப்படை வேலை. ஃபார்முலா ஒன் பந்தயத்துக்கு இது 2009இல் ‘கெர்ஸ்’ என்ற பெயரில் வந்தது. விதி அனுமதித்தது 60 கிலோவாட் திறன், சுற்றுக்கு 400 கிலோஜூல் ஆற்றல். ஏழு வினாடிகூடத் தாங்காத உந்துதல்தான். ஆனாலும் அந்த ஆண்டு ஹங்கேரியில் லூயிஸ் ஹாமில்டன் மெக்லாரன் காரில் வென்றபோது, ஹைபிரிட் காருக்கு முதல் கிராண்ட் பிரி வெற்றி கிடைத்தது. 2011இல் இந்தியாவின் முதல் கிராண்ட் பிரி நொய்டா அருகே நடந்தபோது, கோவைக்காரர் நரேன் கார்த்திகேயன் ஓட்டிய ஹெச்.ஆர்.டி. அணியின் காரில் கெர்ஸ் கிடையாது. சிறிய அணிகளுக்கு அது கட்டுப்படியாகவில்லை.

இதற்கிடையில், 2010 ஜூனில், புனேயின் கே.பி.ஐ.டி. கம்மின்ஸ் நிறுவனம் பாரத் ஃபோர்ஜ் நிறுவனத்துடன் கைகோத்து ‘ரெவோலோ’வை அறிவித்தது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பெட்ரோல், டீசல் காரில் பொருத்தக்கூடிய ஹைபிரிட் கிட் இது. எஞ்சினின் கிராங்க் ஷாஃப்ட் புல்லியோடு மின்மோட்டாரை ஒரு பெல்ட் இணைத்தது. பேட்டரி டிக்கியில் உட்கார்ந்தது. பந்தயக் காரிலும் மோட்டார் கிராங்க் ஷாஃப்டோடுதான் இணைந்தது, ஆனால் பல்சக்கரம் வழியாக. எஞ்சினைப் பிரிக்காமல் மாட்டிவிடக்கூடிய பெல்ட்டைத் தேர்ந்ததில் புனேக்காரர்களின் கூர்மை தெரிகிறது.

கிராங்க் ஷாஃப்டோடு இணைப்பதற்கு விலையும் உண்டு. மோட்டாரை ஜெனரேட்டராகச் சுழற்றும்போது எஞ்சினும் சேர்ந்து சுழல்வதால், கிடைக்கும் ஆற்றலில் ஒரு பகுதியை எஞ்சினின் உராய்வு விழுங்கிவிடும். நகரத்தில் பிடிக்கக் கிடைக்கும் ஆற்றலும் குறைவு. 36 கி.மீ. வேகத்தில் செல்லும் 1,000 கிலோ காரிடம் இருப்பது வெறும் 50 கிலோஜூல், 300 கி.மீ. வேகத்தில் பறக்கும் 700 கிலோ பந்தயக் காரிடம் 2,400 கிலோஜூலுக்கு மேல். நெரிசலில் நிமிடத்துக்கு ஒருமுறை பிரேக் பிடிக்கும் கார், சிறுகச் சிறுகத்தான் சேர்க்க முடியும். அதனால் ரெவோலோவை வீட்டு மின்சாரத்திலும் சார்ஜ் செய்யும்படி அமைத்தார்கள். நகரப் பயணத்தில் எரிபொருள் சிக்கனம் சுமார் 40 சதவீதம் கூடும் என்றது நிறுவனம்.

வாகனங்களைச் சோதித்துச் சான்று தரும், 1966இல் தொடங்கப்பட்ட ஏ.ஆர்.ஏ.ஐ. அமைப்பு அதே புனேயில், வேதாள் குன்றில் இருக்கிறது. ஆனால் ஓடும் காரை ஹைபிரிடாக மாற்றுவதற்குத் தனி விதி அப்போது இல்லை. ஃபார்முலா ஒன்னில் விதி முதலில், கருவி பிறகு. புனேயில் கருவி வந்து ஆறு ஆண்டு கழித்து, 2016இல்தான் மத்திய மோட்டார் வாகன விதிகளில் ஹைபிரிட் கிட்டுக்கு இடம் கிடைத்தது. இந்தத் தாமதம் நல்ல கருவிக்குப் பெரிய இழப்பு. ரெவோலோ கார்களில் பரவவில்லை, அதற்குள் கே.பி.ஐ.டி.யின் கவனம் பேருந்துகளுக்குத் திரும்பியிருந்தது. 2015 டிசம்பரில் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்காக டெல்லியில் ஒப்படைக்கப்பட்ட மின்பேருந்தில் இருந்தது அந்நிறுவனத்தின் தொழில்நுட்பம்.