படமும் பண்ணும்: தாராபுரத்துச் சிறார்க்குரிய இசைப் படநூல் – ஒரு வரலாற்று நோக்கு

மன்னார்த் தீவிலுள்ள முஸ்லிம் ஊர்களுள் தாராபுரமும் ஒன்றாகும். எருக்கலம்பிட்டி என்னும் முஸ்லிம் ஊரும், தோட்டவெளி, பேசாலை ஆகிய கத்தோலிக்க ஊர்களும் அதே தீவில் அமைந்துள்ளன. கடல்நீரைக் கடந்து பெருநிலக் கரையை அடைந்தால், சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம் அங்கே நிற்கின்றது. ஆகவே, இப்பகுதியில் வளரும் குழந்தையின் செவிக்கு எட்டக்கூடிய இசை ஒரே வகையினதன்று. எனினும், அருகில் ஒலிப்பவை யாவும் குழந்தையால் அறியப்படுகின்றன என்று கூறுதல் இயலாது. இன்ன ஒலி இன்ன கருவிக்குரியது, அக்கருவி இன்னாரால் இன்ன வேளையில் இசைக்கப்படுவது என்பதை எழுத்தறியா இளம் பருவத்திலேயே உணர்த்தவல்ல எளிய சாதனங்களுள் படநூல் முதன்மையானது. அச்சாதனம் எவ்வாறு வளர்ந்தது, தமிழ்ச் சிறுவர் நூல்களில் இசையின் பன்மைக்கு எத்துணை இடம் கிடைத்தது, தாராபுரம் போன்றதோர் ஊரின் அண்மைக்கால வரலாறு அதனை ஏன் வேண்டிநிற்கின்றது என்பனவற்றை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சிறுவர்க்கெனப் படங்களுடன் ஆக்கப்பெற்ற நூல்களுள் முன்னோடியாகக் கொள்ளப்படுவது, கொமேனியஸ் என்னும் கல்வியாளர் 1658 இல் நூரம்பேர்க் நகரில் வெளியிட்ட ‘ஓர்பிஸ் பிக்ற்றஸ்’ ஆகும். இந்நூல் எழுத்துகளை ஒலிகளின் வழியே அறிமுகஞ் செய்கின்றமை குறிப்பிடத்தக்கது. காகம் முதலிய உயிர்களின் படங்களை வரைந்து, அவை எழுப்பும் ஓசைகளிலிருந்து எழுத்துகளின் ஒலியைப் பிள்ளைகள் கற்கும்படி அவர் செய்தார். இசைக்கருவிகளுக்கெனத் தனியொரு படப்பாடமும் அந்நூலில் உண்டு. காண்பதும் கேட்பதும் ஒருங்கே நிகழ்ந்தாலன்றிக் கல்வி உள்ளத்திற் பதியாது என்னும் கொள்கை இதற்கு அடிப்படையாகும்.

அக்கொள்கையை இசைத்துறையில் மேற்கொண்டோருள் ரஷ்ய இசைமேதை புறொக்கோபியேவ் ஒருவர். 1936 இல் மொஸ்கோவில் அரங்கேறிய அவரது ‘பீற்றரும் ஓநாயும்’ என்னும் படைப்பில், பறவைக்குப் புல்லாங்குழலும், வாத்துக்கு ஓபோவும், பூனைக்குக் கிளாரினெற்றும், ஓநாய்க்குக் கொம்புகளும் குரலாயின. பின்னர் இக்கதை படநூல்களாகவும் வெளிவந்தது. உருவத்தையும் ஒலியையும் குழந்தை ஒன்றாக நினைவில் வைத்துக்கொள்ள இம்முறை பெரிதும் துணைசெய்தது. ஆயினும், அங்கு அறிமுகமாவன ஐரோப்பியப் பல்லிய மேடையிலுள்ள கருவிகள் மட்டுமே. முறையைக் கடன்வாங்கலாம், கருவிகளையும் கடன்வாங்கினால், குழந்தை தன் அயலில் ஒலிப்பதை அறியாமலே தொலைவில் ஒலிப்பதை மட்டும் அறிந்ததாக முடியும்.

இனி, தமிழ்நிலையை நோக்குவோம். 1850 முதல் ஆறுமுக நாவலர் வெளியிட்ட பாலபாடங்கள் ஈழத்துச் சிறுவர் கல்விக்கு ஒழுங்கான வடிவத்தைத் தந்தன. அவற்றின் நோக்கம் மொழிப்பயிற்சியும் நல்லொழுக்கமுமாகும். 1935 இல் க. ச. அருள்நந்தியின் முயற்சியால் வெளிவந்த ‘பிள்ளைப் பாட்டு’, குழந்தையின் வாய்க்கு இசைந்த பாட்டே சிறந்த பாடம் என்பதை நிலைநாட்டியது. நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவரின் சிறுவர் பாடல்கள் அவர் மறைவின்பின் 1955 இல் ‘சிறுவர் செந்தமிழ்’ என்னும் தொகுப்பாக வெளிவந்தன. ஆடிப்பிறப்பையும் கத்தரித் தோட்டத்து வெருளியையும் பாடிய அவர், ஈழத்துப் பிள்ளைக்கு அதன் சொந்தச் சூழலையே பாட்டாக்கித் தந்தார். இவ்வழியில், சிறுவர் நூல் குழந்தைக்குப் பாட்டைத் தந்தது. ஆனால், பாட்டுக்குத் துணையாகும் கருவிகளும், அயலார் பாடும் வேறு பாட்டுகளும் அந்நூல்களில் உரிய இடம் பெற்றன என்று கூற முடியாது.

இதற்கு அரிவரிப் புத்தகத்தின் அமைப்பும் ஒரு காரணமாகும். எழுத்துக்கொரு படம் என்னும் வழக்கில் ‘வீ’ என்பதற்கு வீணை எளிதில் இடம்பிடிக்கின்றது. இலங்கை முஸ்லிம்களிடையே பரவலாக வழங்கும் றபானுக்கோ அவ்வாய்ப்பு இல்லை. றகரம் மொழிக்கு முதலில் வாராது என்பது தமிழிலக்கண விதி, ரகரமும் அவ்வாறே. இலக்கணம் எவரையும் ஒதுக்கக் கருதியதன்று. எனினும், அகரவரிசையையே அளவுகோலாகக் கொண்ட நூலில் ஒரு சமூகத்தாரின் கருவி தானாகவே விடுபட்டுப்போகின்றது. வீணையைக் கண்ணாற் கண்டிராத பிள்ளை அதனைப் புத்தகத்திற் காண்கின்றது. தன் சமூகத்தின் கருவியைப் புத்தகத்திற் காண்பதில்லை. கற்கத்தக்கவை யாவும் வேறிடத்தே உள்ளன என்னும் எண்ணம் பிஞ்சுள்ளத்தில் வேரூன்ற இதுவும் ஏதுவாகலாம்.

எழுத்து வரிசைக்கு மாற்றான ஒழுங்கு தமிழ்மரபிலேயே உண்டு. தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என்னும் பகுப்பு பழமையானது. மிடற்றையும் ஒரு கருவியாகக் கொள்ளுதல் வழக்கம். தோல், துளை, நரம்பு, உலோகம் என்பன குழந்தையின் கைக்கும் கண்ணுக்கும் புலனாகும் பொருள்களாதலின், இப்பகுப்பு படநூலுக்கு மிகவும் ஏற்றது. இதன்படி அமையும் நூலில் மத்தளமும் றபானும் தோற்கருவிகளாக ஒரே பக்கத்தில் அமரும். நாதசுவரமும் புல்லாங்குழலும் துளைக்கருவிகளாக அடுத்த பக்கத்தில் அமரும். கோயில், பள்ளிவாசல், தேவாலயம் என்னும் வேறுபாட்டைக் கூறுமுன், அவற்றிடையேயுள்ள உறவை அந்நூல் காட்டிவிடும்.

மன்னாரின் இசைச்செல்வம் இத்தகைய நூலுக்குப் போதியதாகும். கத்தோலிக்க நாட்டுக்கூத்து இங்கே மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என இருவகையாக வழங்கிவந்துள்ளது. வாசாப்பு என்னும் வடிவமும் உண்டு. தவக்காலத்தில் இயேசுவின் பாடுகளை நினைந்து பாடும் பசாமும் ஒப்பாரியும் சோகவிசையின் வேறொரு முகத்தைக் காட்டுவன. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1964 இல் ‘மன்னார் நாட்டுப் பாடல்கள்’ என்னும் தொகுதியையும் ‘என்றிக் எம்பரதோர்’ நாடகத்தையும் பதிப்பித்து, இம்மரபை அறிஞருலகின் கவனத்துக்குக் கொணர்ந்தார். முஸ்லிம்களின் முனாஜாத்து, மாலை, பைத்து என்பன ஓதலுக்கும் பாடலுக்கும் இடைப்பட்ட இனிய நடையை உடையன. கரைவலை இழுப்போர் பாடும் அம்பாவோ மதவேறுபாடின்றிக் கடற்றொழிலாளர் பலர்க்கும் உரியது. ஓசையாலே இவற்றுள் ஒவ்வொன்றும் வேறு. ஆனால், இவற்றைத் தாங்கிநிற்கும் மொழி ஒன்றே.

இவ்விடத்துத் தாராபுரத்தின் துயர வரலாறு குறுக்கிடுகின்றது. 1990 ஒக்டோபரில் தமிழீழ விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றினர். எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் மிகக் குறுகிய அவகாசத்தில் தம் ஊர்களை விட்டகன்றனர். மன்னார்த் தீவின் முஸ்லிம்களும் அவர்களுள் அடங்குவர். பலர் புத்தளம் மாவட்டத்தை அடைந்து நெடுங்காலம் முகாம்களில் வாழ்ந்தனர். 2009 இல் போர் முடிந்தபின்னரே மீள்குடியேற்றம் ஓரளவு பரவலாயிற்று. இடைப்பட்ட ஏறத்தாழ இருபதாண்டுகளில் ஒரு தலைமுறை வேற்றூரிலே பிறந்து வளர்ந்தது. வீடும் காணியும் இழக்கப்பட்டமை பலராலும் பேசப்பட்டது. அயலூர்க் கூத்தின் மத்தளத்தைக் கேட்டு வளரும் வாய்ப்பை முஸ்லிம் பிள்ளையும், றபானின் ஓசையைக் கேட்டு வளரும் வாய்ப்பைக் கத்தோலிக்க, இந்துப் பிள்ளைகளும் இழந்தமை அத்துணை பேசப்படவில்லை. அயலவரின் ஒலியை அறியாது வளர்ந்தோர்க்கு, பிற்காலத்தில் அவ்வொலி அந்நிய ஒலியாகவோ இரைச்சலாகவோ தோன்றுதல் இயல்பே.

இடம்பெயர்ந்த வாழ்வு புதிய ஒலிகளையும் அறிமுகஞ்செய்தது என்பதையும் மறத்தலாகாது. புத்தளத்தை அடுத்த சிறாம்பியடியில் வாழும் ஆபிரிக்க வமிசத்தினரின் மஞ்ஜா இசை, போர்த்துக்கேயர் காலத் தொடர்புகளை நினைவூட்டுவது. புத்தாண்டுக் காலத்தில் சிங்களப் பெண்கள் வட்டமாக அமர்ந்து பெரிய றபானை முழக்குவர். எனவே, றபான் என்னும் ஒரேயொரு படம் தாராபுரத்தையும் சிங்களக் கிராமத்தையும் இணைத்துவிடும்.

இத்தகைய நூலுக்கு இரண்டு தடைகள் கூறப்படலாம். இசைக்கருவிகள் பற்றி இஸ்லாமிய அறிஞரிடையே கருத்துவேறுபாடு உண்டு; தோலாலாகிய பறையை ஏற்கும் பலர் பிற கருவிகளை ஏற்பதில்லை. இதனை மதித்தல் வேண்டும். ஆனால், அயலார் எதனை இசைக்கின்றனர் என்று அறிவதும், அதனைத் தாமே இசைப்பதும் வெவ்வேறாம். படநூல் அறிவைத் தருவதன்றி எவரையும் கட்டாயப்படுத்துவதன்று. கருவியின்றி மிடற்றால் மட்டும் ஓதப்படும் பைத்தும் இசைப்பன்மையின் ஒரு கூறாக அங்கே பெருமையுடன் இடம்பெறும்.

படம் ஒலிக்காதே என்பது இரண்டாவது தடை. இது குறையன்று, படநூலின் தனிப்பயனே இதில்தான் அடங்கியுள்ளது. எழுத்தறியாக் குழந்தைக்குப் பக்கத்தைப் புரட்டிக்காட்ட ஒரு முதியவர் வேண்டும். படத்தைக் காணும் குழந்தை, ‘இது எப்படிச் சத்தமிடும்?’ என்று கேட்கும். விடைகூற முதியவர் பாடவேண்டும். அல்லது மேசையிலாவது தட்டிக்காட்டவேண்டும். ஒலிப்பதிவு முதியவரை மௌனமாக்கலாம். படநூல் அவரைப் பாடவைக்கும். 1990 இல் இருபது வயதினராக ஊரைவிட்டு அகன்றோர் இன்று ஐம்பதைக் கடந்துவிட்டனர். தாராபுரத்தின் பழைய ஒலிகளை நேரிற் கேட்டு நினைவில் வைத்திருப்போர் அவர்களும் அவர்க்கு மூத்தோருமே. அவர்கள் பாடிக்காட்டக்கூடிய காலம் வரையறைக்கு உட்பட்டது.

ஒலி மறைந்தபின் அதனை மீட்பது எத்துணை அரிது என்பதற்குச் சுவாமி விபுலாநந்தரின் ‘யாழ் நூல்’ சான்றாகும். வழக்கொழிந்த யாழின் வடிவத்தையும் பண்ணையும் இலக்கியச் சான்றுகளினின்று மீளக் கண்டறிய அவர் பல்லாண்டுகள் உழைத்தார். 1947 இல் நூல் அரங்கேறிய சில வாரங்களுள் அவர் மறைந்தார். அத்தகைய பேருழைப்பைப் பிற்காலத்தவர்மேற் சுமத்தாதிருக்க இன்று வேண்டுவது பெருமுயற்சியன்று. சிபில் வெத்தசிங்க 1956 இல் தாமே எழுதி வரைந்த ‘குட ஹொரா’ இலங்கைக் கிராமமொன்றின் கதையை உலகச் சிறுவர்க்குரியதாக்கியது. 2005 முதல் இலங்கையிற் செயற்பட்டுவந்த றூம் ரு றீட் நிறுவனம் சிங்களத்திலும் தமிழிலும் படக்கதை நூல்களை வெளியிட்டுள்ளது. வழி புதிதன்று, அவ்வழியே மன்னாரின் ஒலிகளைக் கொண்டுசெல்வோரே வேண்டப்படுகின்றனர். ஊர்தோறும் ஆசிரியர் ஒருவரும், ஓவியம் வரையவல்ல மாணவர் சிலரும், பாட்டறிந்த முதியோரும் கூடினால் அந்நூல் உருவாகும். தாராபுரத்துப் பிள்ளை அதன் ஒரு பக்கத்தில் தன்னையும் மறுபக்கத்தில் தன் அயலவரையும் காணுமாயின், பிரிந்து வளர்ந்த சிறார் மீண்டும் ஒருவரையொருவர் செவிமடுக்க அதுவே தொடக்கமாகும்.