கடிகாரமும் குத்தகையும்: இலண்டன் தெருமுனைப் பப்களின் நூற்றாண்டு மாற்றம்

இலண்டனின் தெருமுனைப் பப்கள் எந்நேரம் திறக்கலாம், எந்நேரம் மூடவேண்டும் என்பதைப் பிரித்தானிய நாடாளுமன்றம் கடந்த நூறாண்டுகளில் பலமுறை திருத்தி எழுதியிருக்கிறது. முதல் உலகப் போரின்போது குறுக்கப்பட்ட நேரம் 1988-இல் விரிந்தது. 2005-இல் பெயரளவில் எல்லையே இல்லாமல் போனது. ஆயினும் நேரக்கட்டு தளர்ந்த காலத்தை ஒட்டித்தான் மாநகரப் பப்களில் நான்கில் ஒன்று மறைந்தது. 2001-இல் 4,835 ஆக இருந்த எண்ணிக்கை 2016-இல் 3,615 ஆகக் குறைந்தது என்கிறது மேயர் அலுவலகம் 2017-இல் வெளியிட்ட கணக்கு. எஞ்சியவற்றிலும் பல, வார நாள்களில் மாலை நான்கு ஐந்து மணிக்குமுன் கதவைத் திறப்பதில்லை. சட்டம் முழு நாளையும் தந்தபோது தெருமுனைப் பப் ஏன் தன் பகற்பொழுதை இழந்தது? ஒரு பப்பின் நேரத்தையும் குணத்தையும் முடிவுசெய்வது உரிமச் சட்டத்தைவிட, அது நிற்கும் மனை யார் கையில், எந்த நிபந்தனையில் இருக்கிறது என்பதே என இக்கட்டுரை வாதிடுகிறது. சட்டம் வெளி எல்லையை மட்டுமே வரைகிறது. அந்த எல்லைக்குள் எத்தனை மணி நேரம் விளக்கெரியும் என்பதைக் குத்தகைப் பத்திரம் எழுதுகிறது.

போருக்கு முன் இலண்டனில் பப்கள் அதிகாலை ஐந்து மணி முதல் நள்ளிரவு தாண்டிப் பன்னிரண்டரை வரை திறந்திருக்கலாம். வெடிமருந்துத் தொழிற்சாலைகளின் உற்பத்தியைக் குடி கெடுக்கிறது என்ற அச்சத்தில், 1915-இல் அமைக்கப்பட்ட மத்திய மதுக் கட்டுப்பாட்டு வாரியம் இதை நண்பகலில் இரண்டரை மணி, மாலையில் மூன்று மணி என்ற அளவுக்குக் குறுக்கியது. போர் முடிந்தும் கட்டுப்பாடு முழுதாக நீங்கவில்லை. 1921-ஆம் ஆண்டின் உரிமச் சட்டம் இலண்டனுக்கு நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரம் அனுமதித்தது. பிற்பகலில் கட்டாய இடைவேளையை அப்படியே வைத்துக்கொண்டது. அந்த இடைவேளை 1988 வரை நீடித்தது. போர்க்கால அவசரத்தில் பிறந்த ஒரு விதி, அதன் காரணம் மறைந்து எழுபதாண்டுகள் வாழ்ந்தது வியப்புக்குரியது. ஆனால் அதற்கு ஒரு சமூக விளைவும் உண்டு: பேட்டைக்கெல்லாம் ஒரே கடிகாரம். கடைசிக் கோப்பைக்கான மணி ஒலித்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்து வீடு திரும்பினார்கள். மூடும் நேரம் வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபட்டதால், 1940-களில் ஆக்ஸ்ஃபோர்ட் தெருவுக்கு வடக்கே பத்தரைக்கு எழுப்பப்பட்டவர்கள் தெருவைக் கடந்து சோஹோவில் பதினொன்றுவரை தொடர்ந்ததும் அக்கால இலக்கிய வரலாற்றில் பதிவான செய்தி. ஸ்மித்ஃபீல்ட் இறைச்சிச் சந்தையைச் சுற்றிய சில பப்களோ, இரவெல்லாம் சுமை தூக்கியவர்களுக்காகத் தனி அனுமதியுடன் அதிகாலையிலேயே திறந்தன. இந்த விதிவிலக்கு முக்கியமானது. வேலை எந்நேரம் முடிகிறதோ அந்நேரத்தைப் பப் பின்பற்றும் என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்ட இடம் அது.

1988-ஆம் ஆண்டுச் சட்டம் திங்கள் முதல் சனி வரை காலை பதினொன்றிலிருந்து இரவு பதினொன்றுவரை இடைவிடாமல் திறக்க வழிசெய்தது. ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலுக்கு அந்தச் சலுகை 1995-இல்தான் வந்தது. 2003-ஆம் ஆண்டுச் சட்டம் 2005 நவம்பர் 24 அன்று நடைமுறைக்கு வந்தபோது, உரிமம் வழங்கும் பொறுப்பு நீதித்துறை நடுவர்களிடமிருந்து உள்ளாட்சி மன்றங்களுக்கு மாறியது. ஒவ்வொரு கடையும் தன் நேரத்தைத் தானே கேட்டுப் பெறலாம் என்றானது. இருபத்துநான்கு மணி நேரக் குடி வந்துவிட்டது என்று நாளிதழ்கள் அலறின. நடந்தது வேறு. நாள் முழுவதற்குமான உரிமங்களில் பெரும்பகுதியைப் பெற்றவை பேரங்காடிகளும் விடுதிகளுமே. மிகச் சில பப்களே அதைக் கேட்டன. கேட்டுப் பெற்றவற்றிலும் பல முழுதாகப் பயன்படுத்தவில்லை. நேரத்தை அவிழ்த்த சட்டத்தின் முதற்பயன், பப்பின் போட்டியாளருக்கே போய்ச் சேர்ந்தது.

இனி மனைக்கு வருவோம். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் பப்கள் பீர் ஆலைகளின் சொத்து. நடத்துபவர் குத்தகைக்காரர், அந்த ஆலையின் பீரைத்தான் விற்க வேண்டும் என்ற தளை அவருக்கு உண்டு. இது ஏகபோகம்தான். ஆயினும் அதில் ஒரு தர்க்கம் இருந்தது: கதவு திறந்திருந்தால்தான் பீர் விற்கும் என்பதால், மந்தமான பிற்பகலையும் வருவாய் குறைந்த தெருமுனையையும் தாங்கிக்கொள்ள ஆலைக்குக் காரணம் இருந்தது. ஏகபோக ஆணையத்தின் அறிக்கையைத் தொடர்ந்து 1989-இல் பிறந்த பீர் ஆணைகள், இரண்டாயிரத்துக்கு மேல் பப் வைத்திருந்த ஆலைகள் அந்த மிகுதியில் பாதியைத் தளையிலிருந்து விடுவிக்கவேண்டும் என்றன. போட்டியை வளர்ப்பதே நோக்கம். விளைவாக ஆயிரக்கணக்கான பப்கள் பீர் காய்ச்சாத சொத்து நிறுவனங்களிடம் கைமாறின; பெருங்கடனில் வாங்கிய இந்நிறுவனங்களுக்கு வாடகையும் மனை மதிப்புமே கணக்கு. ஒரு பப் மதியம் இரண்டு முதல் ஐந்துவரை நான்கு முதியவர்களுக்கு இடம் தருவது அந்தக் கணக்கில் இழப்பு. அதே மனையில் எழும் அடுக்ககமோ உறுதியான வரவு. மெய்டா வேலில் இருந்த கார்ல்டன் டாவர்ன் இதன் உச்சம். 2015 ஏப்ரலில் அனுமதியின்றி இடிக்கப்பட்ட அந்தப் பப்பைப் பழையபடியே மீண்டும் கட்டுமாறு வெஸ்ட்மின்ஸ்டர் மன்றம் ஆணையிட்டது. 2021-இல் அது மறுபடி திறந்தது. அவ்வளவு நல்வாய்ப்பு பெரும்பாலான பப்களுக்குக் கிட்டவில்லை. கைமாறிப் பிழைத்தவை உணவின் பக்கம் திரும்பின. 1991-இல் ஃபாரிங்டன் சாலையில் தொடங்கிய ‘ஈகிள்’ அந்த வழியைக் காட்டியது. சமையலறையை நம்பும் பப்புக்கு நேரம் என்பது சாப்பாட்டு நேரம். 1915-இல் அரசு திணித்த பிற்பகல் இடைவேளையை இன்று வாடகையும் சம்பளமும் திரும்பக் கொண்டுவந்திருக்கின்றன.

புகைத்தடை, மலிவான பேரங்காடி பீர், குடிப்பழக்கமே குறைந்த இளைய தலைமுறை, மது அருந்தாத சமூகங்களின் பெருக்கம் ஆகியவையே காரணம் என்று மறுப்போர் உண்டு. 2007 ஜூலை முதல் தேதி வந்த புகைத்தடை பல பப்களைத் தாக்கியது உண்மை. பேரங்காடி விலையின் தாக்கம் அதைவிடப் பெரிது. ஆனால் இக்காரணங்கள் ஒரு பப்பின் வருவாய் ஏன் குறைந்தது என்பதைத்தான் சொல்கின்றன. வருவாய் குறைந்த பப் ஏன் வேறொரு பப்காரரிடம் போகாமல் வீடாக மாறுகிறது என்பதைச் சொல்வதில்லை. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2018-இல் வெளியிட்ட ஆய்வு இங்கு துணைநிற்கிறது. நாடு முழுவதும் பத்தாண்டுகளில் 11,000-க்கும் மேற்பட்ட பப்கள் மறைந்தும், பணவீக்கத்தைக் கழித்தபின் துறையின் மொத்த விற்பனை குறையவில்லை. வேலைவாய்ப்போ சற்றே கூடியது. செத்தவை சிறிய பப்கள், வளர்ந்தவை பெரியவை. இலண்டனிலோ பப்கள் குறைந்த அதே பதினைந்து ஆண்டுகளில் மக்கள்தொகை பதினான்கு இலட்சத்துக்கும் மேல் கூடியது. வாடிக்கையாளர் பஞ்சம் என்ற விளக்கம் இத்தரவுகளின் முன் நிற்காது.

இன்னொரு மறுப்பு அறம் சார்ந்தது. அதை எளிதில் தள்ளிவிட முடியாது. பழைய பப் யாருக்கானது? ஃப்ளீட் தெருவின் எல் வினோ மதுக்கூடத்தில் பெண்கள் முகப்பில் நின்று வாங்கிக் குடிக்கும் உரிமைக்கு 1982-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம்வரை போகவேண்டியிருந்தது. நிறம் பார்த்து வாசலிலேயே திருப்பி அனுப்புவதைத் தடுக்க 1965-ஆம் ஆண்டின் இன உறவுச் சட்டம் தேவைப்பட்டது. ஆகவே பழம்பெருமைக்காக இங்கு யாரும் கண்ணீர் விட வேண்டியதில்லை. ஆனால் இவ்வாதம் எதிர்த்திசையில்தான் செல்கிறது. போராடித் திறக்கப்பட்ட கதவு அது. சவுத்ஹாலில் பஞ்சாபியர் தமதாக்கிக்கொண்ட கிளாஸி ஜங்ஷன், ரூபாய் நோட்டையும் வாங்கிக்கொள்ளும் பப் என்று பெயர்பெற்றது. அதுவும் 2012-இல் மூடியது. பெண்களும் குடியேறியவர்களும் உரிமையோடு உள்ளே நுழைந்த தலைமுறையிலேயே அந்த அறைகள் விற்கப்படுவதை முன்னேற்றம் என்று எவ்வாறு சொல்வது?

காப்பு ஏற்பாடுகள் இல்லாமலில்லை. 2011-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டத்தால் சமூக மதிப்புள்ள சொத்தாக முதலில் பட்டியலிடப்பட்ட பப், நன்ஹெட்டின் ஐவி ஹவுஸ். உள்ளூர் மக்கள் கூட்டாக 2013-இல் அதை வாங்கினார்கள். வாண்ட்ஸ்வொர்த் மன்றம் 2016-இல் 120 பப்களுக்குத் தனிக் காப்பு அளித்தது. 2017 மே முதல் இங்கிலாந்தில் எந்தப் பப்பையும் திட்ட அனுமதியின்றி இடிக்கவோ வேறு பயனுக்கு மாற்றவோ முடியாது. 2021-இன் இலண்டன் திட்டம், பப்பாக நடத்த ஆள் கிடைக்கவில்லை என்பதை 24 மாத விளம்பரத்தால் மெய்ப்பிக்கச் சொல்கிறது. இவை கட்டடத்தைக் காக்கின்றன, வாடகையைத் தொடுவதில்லை. குத்தகைக்காரருக்கான 2016-இன் பப் நெறிமுறையும் 500 அல்லது அதற்கு மேற்பட்ட தளைப் பப்களை உடைய நிறுவனங்களை மட்டுமே கட்டுப்படுத்துகிறது. நேர நீட்டிப்பைக் கேட்கும்போது அண்டை வீட்டாரின் தூக்கத்தை உரிமக் குழு எடைபோடுவது நியாயமே. அதே குழு, குத்தகை நிபந்தனையையும் மேசைமேல் வைக்கச் சொல்லிப் படிக்கும் அதிகாரம் பெறவேண்டும். பகலில் திறந்து நடத்தும் சிறு பப்புக்கு வணிகவரிச் சலுகையை நாடாளுமன்றம் நிரந்தரமாக்கவேண்டும்.