பூட்டும் குருளையும்

திண்டுக்கல் என்றதும் பலருக்கும் நினைவில் எழுவது பூட்டு. 2019இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் அந்தச் சீமையில் வீட்டையும் ஆட்டுப்பட்டியையும் காத்த இன்னொரு காவல் உண்டு. இன்று தேனி மாவட்டத்தில் இருக்கும் கோம்பை, 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு சுல்தானிடமிருந்து ஆங்கிலேயர் வசமான திண்டுக்கல் சீமையின் பாளையங்களுள் ஒன்று. கோம்பை நாய் அவ்வூரின் பெயரையே தாங்கி நிற்கிறது. அதன் மூர்க்கத்தைப் பற்றி நிறையப் பேசுகிறோம். அது குட்டியாக வீட்டுக்குள் வரும் நாட்களைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

நாயின் இளமைக்குத் தொல்காப்பிய மரபியல் தரும் பெயர் குருளை. குட்டி, பறழ் என்று சொல்வதையும் அது விலக்கவில்லை. புலிக்கும் நரிக்கும் பன்றிக்கும் முயலுக்கும் அதே பெயர்தான். சொல்லளவில் புலியின் குருளையும் நாயின் குருளையும் ஒன்றே. பிறகு அவற்றைப் பிரிப்பது எது?

திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர் நடுகல் இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது. முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், அதாவது ஏழாம் நூற்றாண்டில், எருமை மந்தையைக் காக்கும் பூசலில் இறந்தவன் கருந்தேவக்கத்தி. அவனோடு நின்று இரு கள்வரைக் கடித்துக் காவல் இருந்தது ஒரு நாய். கல்வெட்டு அதன் பெயரையும் சொல்கிறது: கோவிவன். எத்தனையோ மாந்தரின் பெயர்கள் அழிந்துபோன காலத்திலிருந்து ஒரு நாயின் பெயர் நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ஒருவர் பெயரிட்டு அழைத்துப் பழக்கிய உயிர் அது. கோவிவன் கடித்தது கள்வரை. மந்தையையும் மேய்ப்பவனையும் அது அறிந்திருந்தது.

இந்த அறிதலுக்கு ஒரு பருவம் உண்டு என்பதை 1961இல் அமெரிக்காவில் ஃப்ரீட்மனும் அவர் தோழர்களும் வெளியிட்ட ஆய்வு காட்டியது. வேலியிட்ட வெளியில் மனிதத் தொடர்பின்றி வளர்ந்த குட்டிகளை வெவ்வேறு வயதில் மனிதரிடம் பழகவிட்டார்கள். பதினான்கு வாரம் வரை மனிதரையே அறியாதவை பிறகும் நெருங்க முடியாதவையாகவே இருந்தன. ஏறத்தாழ மூன்றாம் வாரத்தில் திறக்கும் கதவு அதற்குள் மெல்லச் சாத்திக்கொள்கிறது.

ஆகவே முதல் வாரங்களின் சிறு ஒழுங்குகள் அற்பமானவை அல்ல. இரண்டு மாதம் நிறையாத குட்டியை விற்பதை 2017ஆம் ஆண்டின் மைய அரசு விதிகள் தடுக்கின்றன. தாயிடமும் உடன்பிறப்புகளிடமும் கற்க வேண்டியதை அது கற்று முடிக்க வேண்டும். வந்தபின் ஒரே பெயர், படுக்க ஒரே இடம், குறித்த வேளையில் உணவு. உறங்கி எழுந்ததும் உண்டதும் வெளியே அழைத்துச் செல்லல். முதல் சில இரவுகள் அழும் குட்டியை ஆள் அரவம் கேட்கும் தொலைவில் வைத்தல். 1978இல் உலகெங்கும் பரவிய பார்வோ நோய்க்குப் பிறகு, தடுப்பூசிகள் முடியும்வரை தெருமண்ணில் விடாமல் கையில் ஏந்தியே ஊரைக் காட்டுவது நல்லது. திண்டுக்கல் சமவெளியின் வெயிலில் உலாவுக்கு உகந்தவை விடியலும் அந்தியுமே.

இந்த வாரங்களில் சங்கிலியில் தனித்துக் கிடந்த குட்டி, வளர்ந்தபின் அச்சத்தால் கடிக்கிறது. பழியை நாம் இனத்தின் மீது போட்டுவிட்டு, அதைத் தெருவில் விடுகிறோம். பூட்டு எல்லோரையும் ஒன்றுபோலத் தடுக்கும். யாரைத் தடுக்க வேண்டும், யாருக்கு வாலாட்ட வேண்டும் என்று பிரித்தறியும் காவலையே கோவிவனின் காலம் கல்லில் பொறித்தது. அந்தப் பிரித்தறிதலை நாய் நம் வீட்டில்தான் கற்கிறது.