பழைய இலகு விமானங்களில் பெரிய டயர்கள்

இலகு விமானத்தின் முதன்மைச் சக்கரங்களில் தொழிற்சாலை பொருத்தித் தந்த டயர்களைக் கழற்றிவிட்டு, விட்டமும் அகலமும் கூடிய, காற்றழுத்தம் குறைந்த டயர்களை மாட்டும் மாற்றம் இது. புல்தரை, மணல், சேறு, ஆற்றுப்படுகை ஆகியவற்றில் இறங்கி ஏறுவதற்காகச் செய்யப்படுகிறது. 1930 முதல் 1950 வரையிலான ஆண்டுகளில் உருவான, வால்பக்கம் தாழ்ந்து நிற்கும் விமானங்களிலேயே மிகுதியாகக் காணப்படும். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள கிந்தா பள்ளத்தாக்கின் பத்து காஜா, ஈப்போ வட்டாரத்துக்கு இதனோடு இரு வழிகளில் உறவுண்டு. டயருக்கான ரப்பர் விளைந்த மண் அது. இலகு விமானங்கள் ஈரத்தரையோடு மல்லுக்கட்டிய மண்ணும் அதுவே.

ரப்பர்ப் பின்னணி

1877இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்த 22 ரப்பர் நாற்றுகளில் 9 பேராக்கின் கோலா கங்சாரில் நடப்பட்டன. அப்போதைய பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹியூ லோ அவற்றை வளர்த்தெடுத்தார். 11 ஆண்டுகள் கழித்து, 1888இல், ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். மரம் பட்டுப்போகாமல் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையைச் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் ஹென்றி ரிட்லி வகுத்த பிறகு, பேராக்கின் காடுகள் ஒவ்வொன்றாகத் தோட்டங்களாயின. பத்து காஜாவுக்கு அருகே வில்லியம் கெல்லி ஸ்மித் உருவாக்கிய கிந்தா கெல்லாஸ் தோட்டம் அவற்றுள் ஒன்று. 1926இல் அவர் இறந்தபோது பாதியில் நின்ற மாளிகையைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள். விடியுமுன் பால்வாளியோடு வெட்டுக்குக் கிளம்பிய தமிழ்த் தொழிலாளரைப் பற்றி அதில் சிறு பங்குகூட எழுதப்படாதது வருத்தத்துக்குரியது.

விமான டயருக்கு இன்றும் இயற்கை ரப்பரே முதன்மைப் பொருள். தரையைத் தொடும் கணத்தில், சுழலாதிருந்த சக்கரம் ஒரு நொடிக்குள் விமானத்தின் வேகத்தை எட்டவேண்டும். அந்த உரசலிலும் சுமையிலும் செயற்கை ரப்பரைவிட இயற்கை ரப்பர் குறைவாகவே சூடேறும். அதில் கிழிசலும் எளிதில் பரவாது.

தோற்றம்

தொடக்ககால விமானங்கள் கம்பி கோத்த உயரமான சக்கரங்களில், ஒல்லியான, கெட்டியாகக் காற்றடித்த டயர்களோடு ஓடின. இறுகிய தரையில் குறையில்லை; ஈரநிலத்தில் அவை வெட்டிக்கொண்டு இறங்கின. அமெரிக்கரான ஆல்வின் மசல்மன் 1920களின் இறுதியில் இதற்கு மாற்று கண்டார். பருத்த, மென்மையான அவருடைய டயர் சிறிய அச்சுக்குடத்தின்மேல் நேராக அமர்ந்தது. குட்இயர் நிறுவனம் 1929இல் அதை ‘ஏர்வீல்’ என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்றுள்ள பெரிய டயர்கள் அனைத்துக்கும் மூலம் இதுவே.

1938இல் வெளிவந்த பைப்பர் ஜே-3 கப் விமானத்தின் டயர் அளவு 8.00-4. முதல் எண் டயரின் அகலம், அடுத்தது விளிம்பின் விட்டம், இரண்டும் அங்குலத்தில். அலாஸ்காவின் விமானிகள் இதிலும், 1949இல் வந்த சூப்பர் கப்பிலும், படிப்படியாக டயரைப் பெருக்கிக்கொண்டே போனார்கள். 8.50-6இல் தொடங்கியது 26, 29, 31, 35 அங்குல விட்டம்வரை வளர்ந்துவிட்டது.

மலாயாவில்

இரண்டாம் உலகப் போருக்கு முன்பே ஈப்போவில் பேராக் ஃபிளையிங் கிளப் இயங்கியது. அக்காலப் பறத்தல் சங்கங்களில் பெயர்பெற்ற டைகர் மோத், 130 குதிரைத்திறன் எஞ்சினும் 828 கிலோ உச்ச எடையும் கொண்டது. அதில் பிரேக் இல்லை. வாலில் சக்கரத்துக்குப் பதில் தரையில் இழுபடும் கட்டை. வேகம் தணிய அதற்குப் புல்தரை வேண்டும். அந்தப் புல்தரை மழையில் ஊறிவிட்டால் சக்கரம் புதையும். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஈப்போவில் இதற்கு முழுத் தீர்வு கிடையாது.

1948இல் கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒடுக்க அவசரகாலம் அறிவிக்கப்பட்டதும் நிலைமை மாறியது. பிரிட்டிஷ் விமானப்படையின் 656ஆம் படைப்பிரிவின் ஆஸ்டர் விமானங்கள் தீபகற்பம் முழுதும் வேவு பார்த்தன, துண்டறிக்கை வீசின, காட்டோரத் திடல்களில் இறங்கின. அவற்றுள் ஆஸ்டர் ஏ.ஓ.பி. 6இன் எஞ்சின் 145 குதிரைத்திறன். 1955 முதல் அதனிடத்தில் வந்த ஏ.ஓ.பி. 9இன் எஞ்சின் 180 குதிரைத்திறன். எஞ்சினைப் பற்றியே பலரும் பேசுவர். உழுத நிலத்திலும் சேற்றிலும் ஏ.ஓ.பி. 9ஐ இறக்கவைத்தவை குறைந்த அழுத்த டயர்களும் வலுவான கால்களுமே. மற்ற விமானங்களில் பட்டறை செய்துவந்த மாற்றத்தை இங்கே வரைபடத்திலேயே செய்துவிட்டார்கள். பேராக்கின் உட்காட்டுக் கோட்டைகளான கெமார், லெகாப் போன்றவற்றுக்குக் குட்டையான ஓடுதளங்களில் இறங்கவல்ல ஸ்காட்டிஷ் ஏவியேஷன் பயனியர் விமானங்கள் சென்றன.

தோட்டங்களும் தமக்கென ஓடுதளம் வைத்துக்கொண்டன. டென்மார்க்குப் பொறியாளர் ஆகே வெஸ்டென்ஹோல்ஸ் 1906இல் தொடங்கிய ஜெண்டராத்தா தோட்டம் தெலுக் இந்தானுக்கு அருகில் உள்ளது. அதன் ஓடுதளம் பேராக்கில் எஞ்சியுள்ள சிலவற்றுள் ஒன்று.

செயற்படும் விதம்

டயர் தரையை அழுத்தும் அளவு, ஏறத்தாழ அதிலுள்ள காற்றின் அழுத்தமே. இரு சக்கரங்களும் 500 கிலோ தாங்குவதாகக் கொள்வோம். சதுர அங்குலத்துக்கு 12 பவுண்டு அழுத்தத்தில், தரையைத் தொடும் பரப்பு இரண்டுக்கும் சேர்த்து 600 சதுர சென்டிமீட்டர். அழுத்தத்தை 6 பவுண்டாக்கினால் 1,200. ஈரத்தரை தாங்குவது இந்தப் பரப்பினால்தான். விட்டம் கூடுவதன் பயன் வேறு. 20 சென்டிமீட்டர் ஆரமுள்ள சக்கரம் 5 சென்டிமீட்டர் உயர வேரைத் தாண்ட, சுமையில் 88 விழுக்காட்டு விசையால் இழுக்கவேண்டும். ஆரம் 40 ஆனால் 55 விழுக்காடு போதும். முன்பகுதி உயர்வதால் புரொப்பெல்லர் புல்லிலும் கல்லிலும் மோதாது. இறக்கையும் காற்றை இன்னும் நிமிர்ந்து சந்திப்பதால் ஏற்றம் விரைவில் கிட்டும்.

விலை கொடுக்காமல் இவை கிடைப்பதில்லை. எடையும் காற்றுத்தடையும் கூடிப் பயண வேகம் குறையும். ஆரம் இரட்டித்தால் அதே பிரேக்கின் பிடிப்பு பாதியாகும். காற்றுக் குறைந்த டயர் விளிம்பில் வழுக்கிச் சுழன்று டியூபின் வால்வைப் பிய்த்துவிடும். இதைத் தவிர்க்கவே டியூப் இல்லாத அலாஸ்கா டயர்களில் வால்வைப் பக்கச்சுவரில் வைக்கிறார்கள். பெரிய டயர் விமானத்தைத் திடீரெனச் சரியவைக்கும் என 1990களில் அமெரிக்காவில் எழுந்த அச்சத்தை, பின்னர் நடந்த பறப்புச் சோதனைகள் உறுதிசெய்யவில்லை.

கிந்தாவில் பறப்பவர் கவனிக்கவேண்டிய பெரிய ஆபத்து மழைநீரில் மிதத்தல். நீர் தேங்கிய ஓடுபாதையில் டயர் தரைப்பிடிப்பை இழக்கும் வேகம், நாட் அளவில், அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப்போல் 9 மடங்கு. அழுத்தம் 25 பவுண்டானால் 45 நாட், அதாவது மணிக்கு 83 கிலோமீட்டர். 9 பவுண்டானால் 27 நாட், அதாவது 50 கிலோமீட்டர். கப் விமானம் தரையைத் தொடுவது மணிக்கு 60 கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டிய வேகத்தில். புல்லில் காப்பாற்றும் டயர், பிற்பகல் மழைக்குப் பின் தார்ப்பாதையில் வழுக்கும்.

இன்றைய நிலை

பழைய தோட்ட ஓடுதளங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் போயின. மலேசியாவில் விமானங்களின் இத்தகைய டயர் மாற்றங்களுக்கு ஒப்புதல் வழங்குவது 2018இல் அமைந்த மலேசியச் சிவில் விமான ஆணையம்.