சாவடி முதல் கேப்பர் மலை வரை

வெள்ளாற்றின் வடகரையில், தறிகளின் ஓசையாலும் ஸ்ரீராகவேந்திரர் அவதரித்த ஸ்தலம் என்னும் பெருமையாலும் பெயர்பெற்று விளங்கும் புவனகிரியில், குற்றம் சாட்டப்பட்டுப் பிடிபடும் துர்ப்பாக்கியம் வாய்த்தவன் எந்தச் சுவருக்குள், ஊரிலிருந்து எவ்வளவு தூரத்தில், யாருடைய காவலில் வைக்கப்பட்டான் என்பதை ஒவ்வொரு காலத்துக்கும் கேட்டுப் பார்ப்போமானால், அந்தச் சிற்றூரை ஆண்ட அரசாங்கங்களின் சுபாவம் ஒருவாறு விளங்கிவிடும். ஆற்றைத் தாண்டித் தெற்கே சென்றால் சிதம்பரம், கிழக்கே கடலோரத்தில் பரங்கிப்பேட்டை, மேற்கே விருத்தாசலம். இம்மூன்று ஊர்களிலும் கிளைச் சிறைகள் ஏற்பட்டன. வடக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், கடலூரை அடுத்த செம்மண் மேட்டின்மேல், மத்திய சிறை நிற்கிறது. இன்று பழைய கிளைச் சிறைகளைச் செப்பனிடுவதா, மூடிவிடுவதா, பெரிய சிறை ஒன்றோடு இணைத்துவிடுவதா என்னும் யோசனை எழும்போதெல்லாம் செலவுக் கணக்கே முன்னால் வந்து நிற்கிறது. அந்தக் கணக்குக்குப் பின்னால் இருநூறு ஆண்டுச் சரித்திரம் ஒன்று இருப்பதை எடுத்துச் சொல்வாரைக் காணோம்.

சோழர் காலத்தைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. அக்காலத்துக் கல்வெட்டுகளைப் படிப்பவர்களுக்கு, வேட்டையில் கைதவறி எய்த அம்பால் ஒருவன் மாண்டால், எய்தவன் கோயிலில் நந்தாவிளக்கு எரிப்பதற்காக ஆடுகளைக் கொடுத்துப் பிராயச்சித்தம் செய்துகொண்டான் என்னும் செய்தி பரிச்சயமானது. ஒரு விளக்குக்கு 96 ஆடுகள் என்பது சோழநாட்டில் பெரிதும் வழங்கிய கணக்கு. கொன்றவனை ஆண்டுக்கணக்கில் அடைத்து வைத்துச் சோறு போடும் வழக்கம் அக்காலத்து ஊர்ச்சபைகளுக்குத் தோன்றவில்லை. சிறை இருந்தது; ஆனால் அது பெரும்பாலும் பகையரசர்களுக்கும், ராஜகோபத்துக்கு ஆளானவர்களுக்கும், அரசுப் பணம் பாக்கி வைத்தவர்களுக்கும் உரியதாக இருந்தது. குதிரை வாங்கக் கொடுத்த பணத்தைத் திருப்பணியில் செலவிட்டுவிட்ட மாணிக்கவாசகரைப் பாண்டியனுடைய தண்டலாளர்கள் வைகை மணலில் சுடுவெயிலில் நிறுத்தினார்கள் என்று திருவிளையாடற் கதை கூறுகிறது. அந்த மகான் தம் இறுதிக் காலத்தைக் கழித்தது புவனகிரிக்கு எதிர்க்கரையில் உள்ள தில்லையில்தான். அந்த வெயில் தண்டனை பின்னால் கும்பெனியாரின் காலத்திலும் நம் கண்ணில் படப்போகிறது.

கும்பெனியார் 1690-ல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை வாங்கி, 1801-ல் தென்னார்க்காடு முழுவதையும் தம் ஜில்லாவாக்கிக்கொண்ட பிறகு, நீதி நிர்வாகத்தை எப்படி நடத்துவது என்பதில் அவர்களுக்குள்ளேயே அபிப்பிராய பேதம் நெடுநாள் இருந்தது. தாமஸ் மன்றோவின் கட்சி வென்றதன் பயனாக 1816-ல் பிறந்த ஒழுங்குமுறைச் சட்டங்கள், கலெக்டரை மாஜிஸ்திரேட்டாகவும், தாசில்தாரைத் தாலுகாவின் போலீஸ் தலைவராகவும், கிராம முன்சீபைச் சிறு குற்றங்களுக்கு நீதிபதியாகவும் ஆக்கின. அவ்வாண்டின் 11-ஆம் ஒழுங்குமுறை கிராமத் தலைவனுக்குக் கொடுத்த அதிகாரத்தை இன்று படிக்கும்போது மனம் கூசுகிறது. வசைமொழி, சிறு அடிதடி போன்ற குற்றங்களுக்கு ஒருவனை ஊர்ச்சாவடியில் 12 மணி நேரம் வரை அடைத்து வைக்கலாம்; ஆனால் குற்றவாளி தாழ்ந்த சாதியினன் என்று கருதப்பட்டவனாயின், ஆறு மணி நேரம் வரை தொழுமரத்தில் கால் மாட்டி உட்கார்த்தலாம். ஒரே குற்றம் செய்த இருவரில் ஒருவனுக்குச் சாவடித் திண்ணையும், மற்றவனுக்குக் கட்டையின் துவாரமும் சட்டத்தின் எழுத்தாலேயே விதிக்கப்பட்டன. ஊருக்குள்ளேயே, உற்றார் உறவினர் கண்முன்னேயே இருந்த சிறை என்பதற்காக அதை அனுதாபத்தோடு நினைத்துப் பார்ப்பவர்கள் இந்த ஷரத்தை ஒருமுறை படித்துவிட்டுப் பேசுவது நலம்.

சாவடிக்கு மேலே இருந்தது தாலுகாக் கச்சேரி. வரி தண்டும் கையும், திருடனைப் பிடிக்கும் கையும், பிடித்தவனை விசாரிக்கும் கையும் அங்கே ஒரே உடலில் இருந்தன. இதன் விளைவு என்ன என்பது 1855-ல் வெளிவந்த சென்னைச் சித்திரவதை விசாரணைக் கமிஷனின் அறிக்கையில் அச்சேறியிருக்கிறது. நிலவரி பாக்கிக்காகக் குடியானவர்களை வெயிலில் நிறுத்துவது, விரல்களைக் கிட்டியில் வைத்து நெரிப்பது முதலான கொடுமைகளை அக்கமிஷன் பட்டியலிட்டது. பாண்டியனுடைய தண்டலாளர்கள் செய்ததாகப் புராணம் சொல்லும் அதே காரியத்தைக் கும்பெனி உத்தியோகஸ்தர்களும் செய்துவந்ததாக ஆங்கிலேயர்களே எழுதி ஒப்புக்கொண்ட ஆவணம் அது. அந்த அறிக்கையைத் தொடர்ந்து 1859-ஆம் ஆண்டின் 24-ஆம் சட்டத்தால் போலீஸ் தனி இலாகாவாயிற்று. ஆயினும் தாசில்தாரின் மாஜிஸ்திரேட் பதவியும், கச்சேரியை ஒட்டிய சிறையின்மேல் அவருக்கிருந்த ஆதிக்கமும் பல்லாண்டுகள் நீங்கவில்லை.

இவ்வாறு உருவானதுதான் நாம் சப்-ஜெயில் என்று அழைத்துவந்த கிளைச் சிறை. பழைய தாலுகாக் கச்சேரிகளைப் பார்த்தவர்களுக்கு அதன் அமைப்பை விவரிக்க வேண்டியதில்லை. ஒரே மதிற்சுவருக்குள் கஜானா, நியாயஸ்தலம், சிறை மூன்றும். கஜானாப் பெட்டியையும் கைதிகளையும் ஒரே காவல்காரன் துப்பாக்கியோடு காத்து நிற்பான். சர்க்கார் பணத்துக்கும் பிரஜையின் தேகத்துக்கும் ஒரே பாரா என்னும் சிக்கனத்தில் அக்கால அரசாங்கத்தின் மனப்பான்மை முழுவதும் அடங்கிக் கிடக்கிறது என்றே சொல்லத் தோன்றுகிறது. உள்ளே கம்பிக் கதவிட்ட சில கொட்டடிகள், ஒரு முற்றம், கிணறு. விசாரணைக் கைதிகளும், குறுகிய தண்டனை பெற்றவர்களும் அங்கே இருந்தார்கள். நீண்ட தண்டனை பெற்றவர்களைக் காவலோடு வடக்கே அனுப்பிவிடுவார்கள்.

அந்த வடதிசைப் பயணத்துக்கு அஸ்திவாரமிட்டது, மெக்காலே அங்கத்தினராக இருந்து 1838-ல் அறிக்கை கொடுத்த சிறை ஒழுங்குக் கமிட்டி. அதுவரையில் கைதிகளைக் கூட்டம் கூட்டமாகச் சாலை போடும் வேலைக்கு ஓட்டிச் செல்வதே நாடெங்கும் வழக்கமாக இருந்தது; கடல் கடத்தப்பட்டவர்கள் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் சாலையும் கட்டடமும் எழுப்பினார்கள்; இன்று சிங்கப்பூரில் வெண்மையாக நிற்கும் புனித ஆண்ட்ரூ பேராலயம் இந்தியக் கைதிகளின் உழைப்பால் எழுந்ததுதான். வெளிவேலை கைதிகளுக்குப் போதிய கஷ்டமாக இல்லை என்று கருதிய அக்கமிட்டி, ஓராண்டுக்கு மேல் தண்டனை பெற்றவர்களை ஒன்றுசேர்த்து அடைக்கப் பல ஜில்லாக்களுக்கு ஒரு மத்திய சிறை வேண்டும் என்று சிபாரிசு செய்தது. கைதியைச் சீர்திருத்தும் நோக்கம் அதற்கு அதிகம் இருந்ததாகச் சொல்ல முடியாது. சிபாரிசு நிறைவேறச் சில பத்தாண்டுகள் ஆயின. சேலத்தில் 1862-லும், கடலூரில் 1865-லும் மத்திய சிறைகள் எழுந்தன.

கேப்பர் என்னும் ஆங்கிலேய இராணுவ அதிகாரியின் பெயரால் கேப்பர் மலை என்று வழங்கும், கடலூர்ச் சிறை நிற்கும் அந்த மேடு, பூகோள சாஸ்திரிகள் கடலூர் மணற்பாறை என்று வழங்கும் செந்நிறப் படுகையைச் சேர்ந்தது. காற்றும் மேட்டு நிலமும் உள்ள இடம். தாழ்ந்த வெள்ளக்காட்டில் கிடந்த கடலூர்ப் பழைய நகரத்தோடு ஒப்பிட்டால் ஆரோக்கியத்துக்கு ஏற்றதே. புதுவையில் பத்தாண்டுகள் அஞ்ஞாதவாசம் செய்த சுப்பிரமணிய பாரதியார், 1918 நவம்பர் 20-ஆம் தேதி எல்லையைத் தாண்டி ஆங்கில ஆட்சிப் பகுதிக்குள் அடி வைத்ததும் கைதாகி, டிசம்பர் 14-ஆம் தேதி நிபந்தனைகளோடு விடுதலையாகும் வரை இந்தச் சிறையில்தான் இருந்தார். கவியை வைத்திருந்த சிறை என்பதால் இன்று அதற்கு ஒரு யாத்திரை ஸ்தலத்தின் மகிமை ஏற்பட்டுவிட்டது. கடலூர் முதுநகரில் பிறந்த அஞ்சலையம்மாளின் வரலாறு அதைவிடக் குறைவாகவே பேசப்படுகிறது. 1927-ல், நீல் என்னும் ஆங்கிலேயத் தளபதியின் சிலையை அகற்றக் கோரி நடந்த சத்தியாக்கிரகத்தில் மகளோடு சிறை சென்ற அந்த வீராங்கனை, பின்னர் கர்ப்பிணியாகவே வேலூர்ச் சிறையில் அடைக்கப்பட்டு, பிரசவத்துக்காக வெளியே வந்து, கைக்குழந்தையோடு மீண்டும் சிறை புகுந்தார். அக்குழந்தைக்கு இட்ட பெயர் ஜெயில்வீரன். சொந்த ஊரில் மத்திய சிறை இருந்தும் ஒரு கடலூர்ப் பெண் வேலூரில் தண்டனை கழிக்க நேர்ந்தது; சிறைகள் பெரிதாகி, எண்ணிக்கையில் குறைந்து, வகைவாரியாகப் பிரியும்போது வழக்கமாக நிகழ்வது இது.

சென்னை மாகாணத்து ஐ.ஸி.எஸ். அதிகாரியாகிய ஸர் அலெக்ஸாண்டர் கார்டியூ தலைமை வகித்த 1919-20 கமிட்டிதான், சிறைவாசத்தின் நோக்கத்தில் அச்சுறுத்தலோடு சீர்திருத்தமும் சேர்ந்திருக்க வேண்டும் என்று முதன்முறையாகத் தெளிவாகச் சொல்லிற்று. சுதந்திர இந்தியாவில் நீதிபதி முல்லா தலைமையிலான கமிட்டி 1983-ல் அதை விரித்துரைத்து, விசாரணைக் கைதிகளைத் தண்டனைக் கைதிகளோடு கலக்கக் கூடாது என்று வற்புறுத்தியது. இடையில் மாஜிஸ்திரேட் பதவி தாசில்தாரிடமிருந்து நீதித்துறைக்குப் போயிற்று. கிளைச் சிறைகளின் நிர்வாகமும் காலப்போக்கில் வருவாய்த் துறையிடமிருந்து சிறைத் துறையின் கைக்கு மாறியது. சுவர்களும் கொட்டடிகளும் அப்படியே இருக்க, சாவி மட்டும் கைமாறிற்று. இந்தச் சரித்திரத்தில் நான் காணும் பெரிய முன்னேற்றம் அதுவே. கேப்பர் மலைக் கட்டடத்துக்கு நான் இரண்டாம் இடந்தான் தருவேன்.

பழைய கட்டடத்தை என்ன செய்வது என்னும் சங்கடம் நமக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் உள்ளூர் அதிகாரிகள் நடத்திய சிறைகளை 1877-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அரசாங்கமே எடுத்துக்கொண்டு, சிறியவற்றில் பலவற்றை மூடிவிட்டது. அமெரிக்காவில் ஒவ்வொரு கவுண்டிக்கும் ஷெரீப்பின் பொறுப்பில் ஒரு சிறை உண்டு. அது ஜீர்ணமாகும்போது, புதிதாகக் கட்டுவதா, பக்கத்துக் கவுண்டியில் ஆளுக்கு இவ்வளவு என்று தினப்படி கொடுத்துக் கைதிகளை விட்டுவைப்பதா என்று ஊரார் வாக்குவாதம் செய்கிறார்கள். வரி கட்டுபவர்கள் இதில் வாய் திறக்க இடமிருக்கிறது என்பது அந்த முறையின் நற்குணம். நம் நாட்டில் சென்னை மத்திய சிறை 1837-ல் எழுந்து, 2006-ல் புழலுக்குப் பெயர்ந்து, 2009-ல் இடிக்கப்பட்டு, அதன் நிலம் மருத்துவக் கல்லூரிக்குப் போயிற்று. மணிமேகலை சோழ மன்னனிடம் வேண்டிச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கிய கதையைப் படித்த தமிழருக்கு இம்முடிவு உவப்பாகவே இருக்கும். எனினும் காவியத்தில் கைதிகள் விடுதலையானார்கள், சென்னையில் அவர்கள் நகரத்துக்கு வெளியே கொண்டுபோகப்பட்டார்கள் என்னும் வித்தியாசத்தை மறந்துவிடலாகாது.

இப்போது கிளைச் சிறைகளின் நிலைக்கு வருவோம். ஒருசில கைதிகளுக்காகக் காவலரையும் சமையலையும் மராமத்தையும் நடத்துவது வீண்செலவு என்பார் கூறுவதில் நியாயம் இல்லாமலில்லை. மத்திய சிறையில் மருத்துவமனை உண்டு, நூலகம் உண்டு, தொழிற்கூடம் உண்டு. நீதிபதியின் முன் கைதியைத் திரையிலே காட்டிக் காவல் நீட்டிப்புப் பெறும் வசதியும் வந்துவிட்டதால், நீதிமன்றத்தின் அருகே சிறை இருக்க வேண்டும் என்னும் பழைய காரணம் பாதி கரைந்துவிட்டது. ஆனால் இந்தியச் சிறைகளில் உள்ளவர்களில் நான்கில் மூன்று பங்கினர் இன்னும் குற்றம் நிரூபிக்கப்படாத விசாரணைக் கைதிகள். அவர்களுக்கு வேண்டியவை தொழிற்கூடமும் நூலகமும் அல்ல; வக்கீலும், ஜாமீன்தாரரும், மனு போட்டுப் பார்க்க வரும் மனைவியும்தான். புவனகிரியில் தறி நெய்பவன் ஒருவன் சிதம்பரத்தில் இருந்தால் அவன் வீட்டார் காலையில் ஆற்றைத் தாண்டிப் போய்ப் பார்த்துவிட்டு நண்பகலுக்குள் தறிக்குத் திரும்பிவிடலாம். கேப்பர் மலையில் இருந்தால் ஒருநாள் கூலி போய்விடும். ஜாமீனுக்கு ஆள் தேடுவதும், கையெழுத்து வாங்குவதும் இந்தத் தூரத்தைப் பொறுத்தே விரைந்தோ தாமதித்தோ நடக்கின்றன. இச்செலவு பொதுப்பணித் துறையின் மதிப்பீட்டில் ஏறுவதில்லை. ஏழைக் குடும்பத்தின் கணக்கில் ஏறுகிறது.

ஆகையால் கிளைச் சிறையை வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே என் கட்சி. ஆயினும் 2020-ஆம் ஆண்டை மறைத்துவிட்டு அக்கட்சியைப் பேசுவது யோக்கியமாகாது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் சாத்தான்குளத்துத் தந்தையும் மகனும் போலீஸாரால் கைதாகி, ஏறத்தாழ 100 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள கோவில்பட்டிக் கிளைச் சிறையில் அடைக்கப்பட்டு, அடுத்த சில நாட்களில் ஒருவர்பின் ஒருவராக மாண்டார்கள். நவம்பரில், நம் ஜில்லாவிலேயே, விருத்தாசலம் கிளைச் சிறையில் அடைக்கப்பட்டிருந்த முந்திரி வியாபாரி ஒருவரின் மரணம் பெருங்கிளர்ச்சிக்கு ஹேதுவாயிற்று. காயத்தோடு ஒரு மனிதனைக் கொண்டுவந்து நிறுத்தினால், அவனை உள்ளே ஏற்பதா, மருத்துவமனைக்கு அனுப்புவதா என்று தீர்மானிக்கும் அறிவும் துணிவும் உள்ள ஒருவர் அந்தச் சின்ன வாசலில் அக்கணத்தில் இருக்க வேண்டும். பெரும்பாலான கிளைச் சிறைகளில் அங்கே நிற்பவர் ஒரு காவலர்தான்.

பழைய சிறையைச் செப்பனிடும் திட்டம் எதிலும், கூரைக்கும் மதிலுக்கும் கழிப்பறைக்கும் பணம் ஒதுக்குமுன், வாசலை அடுத்து ஒரு மருத்துவர் அறைக்கு இடம் குறிக்க வேண்டும். போலீஸாருக்கும் சிறைத் துறைக்கும் கட்டுப்படாத அந்த மருத்துவர், உள்ளே வரும் ஒவ்வொருவரையும் பரிசோதித்து, உடம்பில் உள்ள காயங்களைத் தம் கையொப்பத்தோடு எழுதி, ஒரு பிரதியை அன்றைக்கே மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவாராயின், சிதம்பரத்துக் கொட்டடிகளை இன்னும் பல்லாண்டுகள் வைத்து நடத்தலாம். அந்த ஏற்பாட்டுக்கு ஆளும் பணமும் இல்லையென்றால் அவற்றைப் பூட்டிவிட்டுக் கைதிகளைக் கேப்பர் மலைக்கே அனுப்பலாம். புவனகிரிக்காரர்களின் பஸ் கட்டணத்தை அரசாங்கமே கொடுக்கட்டும்.